நவம்பர் ஆட்டங்களைப் படிப்பது எப்படி: அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தும் அதைத் தாங்கும் ஊர்களும்

அமெரிக்காவில் கல்லூரி மகளிர் கூடைப்பந்து சீசன் நவம்பர் முதல் திங்கட்கிழமை தொடங்குகிறது. 2024-இல் அது நவம்பர் 4. 2025-இல் நவம்பர் 3. சாம்பியன் யார் என்று தெரிய ஏப்ரல் ஆகிவிடும். பலர் மார்ச் மாதம் 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி வந்த பிறகுதான் பார்க்க உட்காருகிறார்கள். அதற்குள் பல விஷயங்கள் முடிவாகிவிட்டிருக்கும். அந்தப் போட்டிக்கான தேர்வுக் குழுவின் வரிசையில் முதல் 16 இடம் பெறும் அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைச் சொந்த அரங்கிலேயே ஆடலாம். அந்த 16-க்குள் யார் நுழைவார்கள் என்பதில் நவம்பர், டிசம்பர் வெற்றிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊர்களை எடைபோடவும் இதுதான் காலம். மார்ச்சில் எந்த ஊரும் கூட்டம் காட்டும். நவம்பர் மாதச் செவ்வாய் இரவு, பெயர் தெரியாத சிறு கல்லூரி ஒன்று ஆட வரும்போது எத்தனை பேர் காசு கொடுத்து வந்து உட்காருகிறார்கள்? பெண்கள் விளையாட்டை ஓர் ஊர் உண்மையில் தாங்குகிறதா என்பதை அந்த இரவு சொல்லிவிடும்.

முதலில் விதிகள்

ஆண்கள் கல்லூரி ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர்கள் சில வித்தியாசங்களை மனதில் வைக்க வேண்டும். மகளிர் ஆட்டம் 2015-16 சீசனிலிருந்து 10 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். ஆண்களுக்கு 20 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள். சமனில் முடிந்தால் கூடுதலாக 5 நிமிடம். பந்தின் சுற்றளவு 28.5 அங்குலம், ஆண்கள் பந்தைவிட ஓர் அங்குலம் குறைவு. ஒவ்வொரு முறையும் 30 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். மூன்று புள்ளிக் கோடு 2021-22 முதல் 22 அடி 1¾ அங்குலத்தில் இருக்கிறது.

கணக்கைப் புரட்டிப் போடும் விதி ஃபவுல் விதிதான். ஒரு பகுதியில் ஓர் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு). அடுத்த பகுதி தொடங்கியதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். அதனால் ஒரு பகுதியின் ஆறாவது நிமிடத்துக்குள் நான்கு ஃபவுல் செய்துவிட்ட அணி, மீதி நான்கு நிமிடமும் தடுப்பாட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டுதான் ஆடும். எதிரணிப் பயிற்சியாளர் பந்தை உள்ளே, கூடைக்கு அருகே அனுப்பச் சொல்வதை அப்போது பார்க்கலாம். திரையின் மூலையில் இருக்கும் ஃபவுல் எண்ணிக்கையை ஸ்கோருக்கு இணையாகக் கவனியுங்கள்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது

கல்லூரி விளையாட்டின் உச்ச அடுக்கான முதல் டிவிஷனில் 360-க்கும் மேற்பட்ட அணிகள். எல்லாவற்றையும் தொடர முடியாது, தேவையும் இல்லை. 12 அணிகள் போதும்: தரவரிசையில் முதல் பத்துக்குள் இருப்பவை நான்கு, 11 முதல் 30-க்குள் வரக்கூடியவை ஐந்து, சிறிய கான்ஃபரன்ஸ்களிலிருந்து (தமக்குள் தொடராக ஆடும் கல்லூரிகளின் குழுக்கள்) மூன்று. அந்த மூன்றை விட்டுவிடாதீர்கள். பெரிய அணிகளின் நவம்பர் வெற்றிக்கு என்ன மதிப்பு என்பதை அவைதான் காட்டிக்கொடுக்கும்.

அட்டவணையை ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலிருந்தே எடுங்கள். ஆட்டம் எந்தச் சேனலில் அல்லது செயலியில் என்பதும் அங்கேதான் சரியாக இருக்கும். ஒளிபரப்பு ஒப்பந்தங்களும் சந்தாக்களின் பெயர்களும் அடிக்கடி மாறுகின்றன. சென்ற ஆண்டுக் கட்டுரையைப் பார்த்துச் சந்தா கட்டினால் உங்கள் அணியின் ஆட்டம் அதில் இல்லாமல் போகலாம். கான்ஃபரன்ஸ்களும் இடம் மாறிவிட்டன. 2024 கோடையில் யூ.சி.எல்.ஏ., யூ.எஸ்.சி. இரண்டும் பிக் டென்னுக்கும், ஸ்டான்ஃபோர்டு ஏ.சி.சி.-க்கும், டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி.-க்கும் போயின. பழைய ஞாபகத்தில் சேனலைத் தேடினால் கிடைக்காது.

நேரம் இன்னொரு கண்ணி. அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். 2024, 2025 இரண்டிலும் சீசன் தொடங்கியது அதற்கு மறுநாள். நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைத்தவர்கள் முதல் வாரத்திலேயே ஆட்டத்தைத் தவறவிடுவது இதனால்தான். நேரத்தைக் கையால் மாற்றி எழுதாமல், கல்லூரித் தளம் தரும் நாட்காட்டிக் கோப்பை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரே ஓர் எழுத்து: சொந்த அரங்கு என்றால் ‘சொ’, எதிரணி அரங்கு என்றால் ‘எ’, இரு அணிக்கும் சொந்தமில்லாத பொது அரங்கு என்றால் ‘பொ’. நவம்பரில் பெரிய அணிகளுக்கு ‘சொ’ ஏராளமாக விழும். சிறு கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்து அழைத்து, சொந்த அரங்கில் 40, 50 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் ஆட்டங்கள் அவை. பார்க்க வேண்டிய ஆட்டங்களை ‘எ’, ‘பொ’ வரிசையில் தேடுங்கள்.

2024 நவம்பர் 24 அதற்கு நல்ல உதாரணம். தொடர்ந்து 43 ஆட்டம் வென்று வந்த சவுத் கரோலைனா, லாஸ் ஏஞ்சலஸில் யூ.சி.எல்.ஏ.-வின் அரங்கில் 62-77 எனத் தோற்றது. ஒரு சாம்பியன் அணி நவம்பரிலேயே நாட்டின் மறுகோடிக்குப் போய் ஆட ஒப்புக்கொண்டதே மதிக்கத்தக்கது. தன் அணியின் ஓட்டை எங்கே என்று ஜனவரிக்கு முன்பே தெரிந்துகொள்ள நினைக்கும் பயிற்சியாளர்தான் அப்படி அட்டவணை போடுவார். சவுத் கரோலைனா அந்த சீசனில் இறுதி ஆட்டம் வரை போனது.

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் விடுமுறையை ஒட்டி கேமன் தீவுகள், பஹாமாஸ், ஃபுளோரிடா, லாஸ் வேகஸ் போன்ற இடங்களில் சிறு தொடர்கள் நடக்கும். இரண்டு மூன்று நாளில் இரண்டு மூன்று ஆட்டம். இங்கே அணியின் ஆழம் தெரியும்: இரண்டாம் நாளில் ஏழாவது, எட்டாவது வீராங்கனை எத்தனை நிமிடம் ஆடினார், அப்போது ஸ்கோர் ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். இந்தத் தொடர்கள் எல்லாம் பெரிய அரங்கில் நடப்பதில்லை. பழக்கமில்லாத கூடம், பழக்கமில்லாத பின்னணி. மூன்று புள்ளி எறிதல்கள் அங்கே சரிந்தால் உடனே கவலைப்பட வேண்டியதில்லை.

டிசம்பர் நடுவில் தேர்வு வாரம். பல அணிகள் ஒரு வாரத்துக்கு மேல் ஆடாமல் இருக்கும். இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் ஆட்டத்தில் பந்தைத் தொலைப்பது கூடும். அந்த ஓர் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பாக்ஸ் ஸ்கோரைப் பிரித்துப் பார்ப்பது

இந்தக் கட்டுரையிலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. நவம்பரில் வெற்றி தோல்வி அதிகம் சொல்லாது. எப்படி வென்றார்கள் என்பதுதான் சொல்லும். அதற்குப் பாக்ஸ் ஸ்கோரும் (ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியல்) ஒரு கால்குலேட்டரும் போதும்.

முதலில் ஓர் அணிக்கு எத்தனை தாக்குதல் வாய்ப்பு கிடைத்தது என்று கணக்கிட வேண்டும். கூடையை நோக்கி எறிந்த எண்ணிக்கையிலிருந்து தாக்குதல் ரீபவுண்டைக் (தவறிய எறிதலில் எறிந்த அணியே மீண்டும் எடுத்த பந்து) கழியுங்கள், டர்ன்ஓவரைக் (எறியாமலேயே எதிரணியிடம் தொலைத்த பந்து) கூட்டுங்கள், ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.475-ஆல் பெருக்கி அதையும் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோவை அப்படியே கூட்டாததற்குக் காரணம், பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்துதான் ஒரு வாய்ப்பு. சில நேரம் கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை எறிதலும் உண்டு.

ஒரு மாதிரி ஆட்டம். ஓர் அணி 62 முறை எறிந்தது, 28 விழுந்தது, அதில் 7 மூன்று புள்ளி. ஃப்ரீ த்ரோ 20-க்கு 15. ஆக 78 புள்ளி. தாக்குதல் ரீபவுண்ட் 12, டர்ன்ஓவர் 15, எதிரணி எடுத்த தடுப்பு ரீபவுண்ட் 24.

வாய்ப்புகள்: 62 − 12 + 15 + 9.5 = 74.5. 78-ஐ 74.5-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 104.7. அதாவது நூறு வாய்ப்புக்கு ஏறத்தாழ 105 புள்ளி. வேகமாக ஆடும் அணி 90 புள்ளி எடுப்பதையும் மெதுவாக ஆடும் அணி 65 எடுப்பதையும் ஒரே தராசில் வைக்க இந்த எண்தான் உதவும். எதிரணிக்கும் இதையே போட்டால் தடுப்பாட்டத்தின் தரம் கிடைக்கும்.

அடுத்து, கூடைப்பந்துப் புள்ளியியலில் டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணிகள். எறிதலின் தரம்: விழுந்த 28-உடன் 7 மூன்று புள்ளி எறிதல்களில் பாதியான 3.5-ஐக் கூட்டி 62-ஆல் வகுத்தால் 50.8 சதவீதம். பந்தைத் தொலைத்தல்: 15-ஐ 74.5-ஆல் வகுத்தால் 20.1 சதவீதம். தாக்குதல் ரீபவுண்ட்: 12-ஐ 36-ஆல் (12-உம் 24-உம் சேர்ந்தது) வகுத்தால் 33.3 சதவீதம். ஃப்ரீ த்ரோ விகிதம்: 20-ஐ 62-ஆல் வகுத்தால் 32 சதவீதம். எறிதலில் பாதிக்கு மேல் இருப்பது நல்லது. மூன்றில் ஒரு ரீபவுண்டைத் திரும்பப் பெறுவதும் நல்லது. ஐந்தில் ஒரு வாய்ப்பைத் தொலைப்பது மட்டும், அதுவும் பலவீனமான எதிரணியிடம் தொலைத்திருந்தால், கவலைப்பட வேண்டியது.

இந்த நான்கில் நவம்பரில் எதை நம்பலாம்? எங்கள் வரிசை: முதலில் டர்ன்ஓவர், அடுத்து ரீபவுண்ட், கடைசியில்தான் மூன்று புள்ளி. பந்தைப் பாதுகாப்பதும் ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பதும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பலமுறை நடக்கும் பழக்கங்கள், சீக்கிரமே நிலைபெறும். மூன்று புள்ளி அப்படி அல்ல. உண்மையில் 35 சதவீதம் எறியும் அணி ஐந்து ஆட்டத்தில் 100 முறை எறிகிறது என்று வையுங்கள். திறமையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே அது 30-க்கும் விழலாம், 40-க்கும் ஏறலாம். அந்த அளவு ஏற்ற இறக்கம் வெறும் தற்செயல். நவம்பரில் 41 சதவீதம் எறியும் அணியைப் பார்த்து மயங்கியவர்கள் பிப்ரவரியில் ஏன் சரிந்தது என்று தேடுவார்கள். சரியவே இல்லை, இயல்புக்குத் திரும்பியது, அவ்வளவுதான்.

எதிரணி உங்கள் அணிக்கு எதிராக எறியும் மூன்று புள்ளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எத்தனை விழுந்தது என்பதைவிட எத்தனை முறை தடையில்லாமல் எறிய விட்டார்கள் என்பதைப் பாருங்கள்.

பலவீனமான எதிரணியுடன் ஆடும் ஆட்டத்தில் மூன்று விஷயங்கள் கண்ணை மறைக்கும். முதலாவது, கடைசிப் பகுதி. 35 புள்ளி முன்னிலையில் மாற்று வீராங்கனைகள் இறங்கிவிடுவார்கள். அந்த எண்களும் கணக்கில் சேரும். பகுதிவாரி ஸ்கோரை எடுத்து முதல் மூன்று பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, திருடிய பந்தில் வரும் எளிய லே-அப் (கூடைக்கு அடியிலிருந்து போடும் எறிதல்). முழு மைதானமும் நெருக்கி ஆடி 30 டர்ன்ஓவர் வாங்கும் அணி, பந்தை முன்னே கொண்டுபோகும் நல்ல பாயின்ட் கார்ட் இருக்கும் அணியிடம் அதில் பாதிகூட வாங்காது. டர்ன்ஓவரிலிருந்து வந்த புள்ளிகள் பாக்ஸ் ஸ்கோரின் அடியில் தனியாக இருக்கும். மொத்தத்திலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். மீதி இருப்பதுதான் எதிரணியின் தடுப்பு தயாராகி நின்ற பிறகு அந்த அணியால் எடுக்க முடிந்தது. மூன்றாவது, உயரம். 6 அடி 4 அங்குல சென்டர் ஒருவர் 5 அடி 11 அங்குலப் பெண்களுக்கு மேல் கைநீட்டி எடுக்கும் 18 ரீபவுண்ட், தன் உயரத்துக்கு நிகரான எதிராளி வரும்போது என்னவாகிறது என்று காத்திருந்து பாருங்கள்.

யார் ஆடவில்லை என்பதையும் எழுதுங்கள். முழங்கால் காயத்திலிருந்து திரும்புபவர்கள் பல நேரம் நவம்பரின் பிற்பாதியில்தான் இறங்குவார்கள், அதுவும் குறைந்த நிமிடங்களுக்கு. யூகானின் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) அஸி ஃபட் 2024 நவம்பர் 20 அன்றுதான் அந்த சீசனின் முதல் ஆட்டத்தில் இறங்கினார். அதே இரவில்தான் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா 1,217-ஆவது வெற்றியைப் பெற்று, ஸ்டான்ஃபோர்டின் முன்னாள் பயிற்சியாளர் டாரா வான்டெர்வீரின் 1,216-ஐத் தாண்டினார். டிசம்பரில் யூகான் நோட்டர் டேமிடம் 68-79, யூ.எஸ்.சி.-யிடம் 70-72 என இரண்டு முறை தோற்றது. ஏப்ரலில் சவுத் கரோலைனாவை 82-59 என வீழ்த்திக் கோப்பையை எடுத்தபோது கடைசிச் சுற்றின் சிறந்த வீராங்கனை ஃபட்தான்.

தரவரிசையை எவ்வளவு நம்புவது

ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசை என்பது சுமார் 30 விளையாட்டுப் பத்திரிகையாளர்களின் வாக்கு. முதலிடத்துக்கு 25 புள்ளி, 25-ஆம் இடத்துக்கு ஒன்று. திங்கள்தோறும் வரும். மகளிர் அணிகளுக்கு இதை 1976-இல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மெல் கிரீன்பெர்க் தொடங்கிவைத்தார். சீசனுக்கு முன் வரும் பட்டியலில் போன ஆண்டின் நினைவும் பெயரின் கனமும்தான் அதிகம். கல்லூரி மாறும் வீராங்கனைகள் இவ்வளவு பேர் இருக்கும் காலத்தில் அந்த நினைவு சீக்கிரம் பழசாகிவிடும்.

2023-இல் முதலிடத்தில் தொடங்கிய எல்.எஸ்.யூ., முதல் நாளே கொலராடோவிடம் 78-92 எனத் தோற்றது. அதே மாதம் 12-ஆம் தேதி என்.சி. ஸ்டேட் யூகானை 92-81 என வென்றது. தரவரிசையில் இல்லாமல் சீசனைத் தொடங்கிய அந்த அணி கடைசி நான்கு வரை போனது. மறு ஆண்டு நோட்டர் டேம் நவம்பர் 23-இல் யூ.எஸ்.சி.-யை வென்றது, ஒரு வாரத்தில் கேமன் தீவுகளில் டி.சி.யூ., யூட்டா இரண்டிடமும் அடுத்தடுத்த நாளில் தோற்றது. டிசம்பர் 12-க்குள் டெக்சஸையும் யூகானையும் வென்றுவிட்டது. இந்த மூன்று வாரத்தில் எந்தத் திங்கட்கிழமை நிறுத்திக் கேட்டிருந்தாலும் வேறு வேறு பதில்தான் வந்திருக்கும். ஓர் ஆட்டத்துக்காக ஓர் அணியைப் பத்து இடம் ஏற்றுவதோ இறக்குவதோ வேண்டாம். ஆறு ஆட்டம் வரட்டும்.

தேர்வுக் குழு பார்ப்பது நெட் எனப்படும் கணக்கீட்டுத் தரவரிசை. மகளிர் அணிகளுக்கு 2020-21 முதல் நடைமுறையில் இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில்தான் முதல் பட்டியல் வெளியாகும். அது முந்தைய ஆண்டுப் பெயரைப் பார்க்காது. எங்கே ஆடினீர்கள் என்பதற்கு அதில் மதிப்பு உண்டு. முதல் தர வெற்றி என்று கணக்காக, சொந்த அரங்கில் முதல் 25-க்குள் இருக்கும் அணியை வெல்ல வேண்டும். பொது அரங்கில் முதல் 35, எதிரணி அரங்கில் முதல் 45. ஆக, நெட்டில் 40-ஆம் இடத்தில் இருக்கும் அணியை அதன் ஊருக்கே போய் வெல்வது, 30-ஆம் இடத்து அணியை வீட்டில் வெல்வதைவிட மேல். ‘எ’, ‘பொ’ எழுத்துகளை எழுதச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஊரை எடைபோடுவது

வருகை எண்ணிக்கை என்று அறிவிக்கப்படுவது பல இடங்களில் விற்ற அல்லது வழங்கிய டிக்கெட்டின் எண்ணிக்கை. வாசல் வழியாக வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. ஒளிபரப்பில் எதிர்ப்பக்க இருக்கைகளைப் பார்த்து நீங்களே சரிபார்க்கலாம். காலை 11 மணி ஆட்டம் என்றால் பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளைப் பேருந்தில் அழைத்து வரும் நாள். நல்ல ஏற்பாடுதான், குழந்தைகள் போடும் சத்தமே தனி. ஆனால் ஊரின் ஆதரவை அளக்கும்போது அந்த நாளை ஒதுக்கிவிடுங்கள். நன்றி நவிலல் வாரத்தில் மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள்; மாணவர் பகுதி காலியாக இருப்பதை வைத்தும் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

மொத்த எண்ணிக்கையோடு அரங்கின் கொள்ளளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 14,000 பேர் கொள்ளும் இடத்தில் 4,000 பேர் என்பது வெறிச்சோடிய இரவு. ராலேயில் என்.சி. ஸ்டேட் மகளிர் ஆடும் ரெனால்ட்ஸ் கொலிசியம் சுமார் 5,500 பேர் கொள்ளும் பழைய கட்டடம். அங்கே 5,000 பேர் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

கடினமான சோதனை ஒன்று உண்டு: நட்சத்திரம் போன பிறகு என்ன ஆகிறது? அயோவா சிட்டியில் 2023 அக்டோபர் 15 அன்று அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடந்த காட்சி ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். மகளிர் கூடைப்பந்தில் அதுவே சாதனை. அது அயோவாவின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க்கின் காலம். அவர் 2024-இல் தொழில்முறைக்குப் போன பிறகும் அடுத்த சீசனுக்கான சீசன் டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. 55,646-ஐவிட நாங்கள் அதிகம் மதிப்பது இந்த இரண்டாவது செய்தியைத்தான். அதற்கு வேர் ஆழமாக இருக்கிறது. அயோவாவில் பள்ளிப் பெண்கள் பக்கத்துக்கு ஆறு பேராக ஆடும் தனி வகைக் கூடைப்பந்து 1993 வரை நடந்தது. மாநிலப் போட்டிக்குச் சிறு ஊர்கள் மொத்தமாகக் கிளம்பிப் போகும். இன்று சீசன் டிக்கெட் வைத்திருக்கும் பாட்டிகளில் பலர் அதை ஆடியவர்கள். பக்கத்து ஏம்ஸில் அயோவா ஸ்டேட் ஆட்டங்களுக்கும் ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் குறையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சவுத் கரோலைனாவின் கொலம்பியா வேறு வழியில் வளர்ந்தது. டான் ஸ்டேலி 2008-இல் பயிற்சியாளராக வந்தபோது அரங்கு நிறையவில்லை. 2014-15-இலிருந்து பல ஆண்டுகள் தொடர்ச்சியாக நாட்டிலேயே அதிக சராசரிக் கூட்டம் அங்கேதான்; முதல் கோப்பை 2017-இல்தான் வந்தது என்பதைச் சேர்த்துப் படியுங்கள். கூட்டம் கோப்பைக்கு முன்பே வந்துவிட்டது. 18,000 பேர் கொள்ளும் அந்த அரங்கின் வெளியே அணியின் முன்னாள் வீராங்கனை ஏஜா வில்சனுக்குச் சிலை இருக்கிறது.

கனெக்டிகட்டில் யூகான் தன் சொந்த ஆட்டங்களை ஸ்டோர்ஸ் வளாகத்துக்கும் ஹார்ட்ஃபோர்டு நகருக்கும் பங்கிட்டுக்கொள்கிறது. 1990-களிலிருந்து 2012 வரை மாநிலப் பொதுத் தொலைக்காட்சி மகளிர் ஆட்டங்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. 1997-இல் ஹார்ட்ஃபோர்டின் ஐஸ் ஹாக்கி அணியும் ஊரைவிட்டுப் போனது. அயோவா, சவுத் கரோலைனா, கனெக்டிகட் மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: ஆண்களின் பெரிய தொழில்முறை அணி எதுவும் அங்கே இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கமும் மக்களின் மாலை நேரமும் மகளிர் அணிக்குக் கிடைத்தன. டென்னசியின் நாக்ஸ்வில் அதே வகைதான்: பயிற்சியாளர் பாட் சம்மிட் 1,098 வெற்றியும் எட்டுக் கோப்பையும் கொடுத்த ஊர்; 1999-இல் திறந்த மகளிர் கூடைப்பந்துப் புகழ்க் கூடமும் அங்கே இருக்கிறது.

பெருநகரங்களின் பாதை வேறு. போர்ட்லந்தில் தோர்ன்ஸ் மகளிர் கால்பந்து (சாக்கர்) அணி 2013 முதல் ஆடுகிறது. பெண்கள் விளையாட்டை மட்டுமே திரையில் காட்டும் ‘தி ஸ்போர்ட்ஸ் பிரா’ என்ற மதுக்கூடம் 2022 ஏப்ரலில் அங்கே திறந்தது. ஜென்னி நுயென் தொடங்கியது. மினியாபொலிஸ், சியாட்டில் போன்ற நகரங்களிலும் அதே வகை இடங்கள் பின்னர் வந்தன. கான்சஸ் சிட்டி 2024 மார்ச்சில், பெண்கள் தொழில்முறை அணிக்கென்றே கட்டிய முதல் மைதானத்தை, 11,500 இருக்கைகளுடன் திறந்தது. மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்து அணியான கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் 2025-இல், தன் முதல் சீசனிலேயே, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 18,064 இருக்கைகளையும் நிரப்பியது. ஆனால் தொழில்முறை அணிக்கு நிறையும் நகரம் பக்கத்துக் கல்லூரி அணிக்கும் நிறையும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள்.

நேரில் போவதானால்

முதலில் கூடைப்பந்து அட்டவணையை மூடிவிட்டு அமெரிக்கக் கால்பந்து அட்டவணையைத் திறங்கள். அயோவா சிட்டி, நாக்ஸ்வில், கொலம்பியா போன்ற ஊர்களில் நவம்பர் சனிக்கிழமை கால்பந்து ஆட்டம் இருந்தால் விடுதி அறை கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் விலை பல மடங்கு. கால்பந்து அணி வெளியூர் போகும் வாரமாகப் பார்த்து, வியாழன் இரவும் ஞாயிறு மதியமும் வரும் மகளிர் ஆட்டங்களைக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பயணத்தில் அதிகம் பார்க்க வட கரோலைனாதான் எங்கள் முதல் பரிந்துரை. ராலேயில் என்.சி. ஸ்டேட், டர்ஹாமில் டியூக், சேப்பல் ஹில்லில் யூ.என்.சி. மூன்றும் ஒன்றுக்கொன்று அரை மணி நேரக் கார் பயணம். மூன்று அரங்கும் பழையவை, சிறியவை, எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் கைக்கெட்டும் தூரம். அயோவாவில் அயோவா சிட்டி, ஏம்ஸ், டி மாயின், சீடர் ஃபால்ஸ் என நான்கு முதல் டிவிஷன் ஊர்கள் உண்டு. தூரம் அதிகம், அயோவா சிட்டியிலிருந்து ஏம்ஸுக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். டிசம்பரில் பனி வேறு. ஒரு நாளில் இரண்டு ஆட்டம் என்று திட்டமிட வேண்டாம்.

டிக்கெட்டைக் கல்லூரியின் தளத்தில் முதலில் பாருங்கள். விற்றுத் தீர்ந்தது என்று காட்டினாலும், பலவீனமான எதிரணி வரும் இரவுகளுக்கு மறுவிற்பனையில் ஆட்டத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தில் விலை இறங்குவது வழக்கம். பெரிய ஆட்டத்துக்கு அப்படிக் காத்திருப்பது ஆபத்து. ஆட்டத்தைப் படிக்க வருபவருக்கு முதல் வரிசை நல்ல இடமல்ல. நடுக்கோட்டுக்கு நேரே 10 முதல் 15 வரிசை மேலே இருந்தால் பத்துப் பேரின் நகர்வும் ஒரே பார்வையில் விழும். அணி பெஞ்சுக்கு நேர் பின்னால் எடுத்தால் எழுந்து நிற்பவர்களின் முதுகுதான் தெரியும்.

பெரும்பாலான அரங்குகளில் ஒளிபுகும் பை மட்டும்தான், 12×6×12 அங்குலத்துக்குள். கேமராப் பையோடு போய் வாசலில் திரும்பி நடப்பவர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் உண்டு. கதவு பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு திறக்கும். உடனே உள்ளே போங்கள். பயிற்சி எறிதலின்போது முழங்கால் கட்டு அணிந்திருப்பவர் யார், ஓடாமல் ஓரமாக நிற்பவர் யார், பயிற்சியாளர் யாரோடு நீண்ட நேரம் பேசுகிறார் என்பதெல்லாம் டி.வி.யில் வராது. ஆட்டம் தொடங்கியதும் பந்தை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் ஒரே ஒரு தடுப்பாளரைப் பாருங்கள். பந்து எதிர்ப்பக்கம் போனதும் அவர் கால் எங்கே நகர்கிறது என்பதில் அணியின் பயிற்சி தெரியும்.

புத்தாண்டை ஒட்டிக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் முழுவீச்சில் தொடங்கும். அன்று உங்கள் 12 அணிகளின் தாளை எடுத்து, ‘சொ’ என்று குறித்த பெரு வெற்றிகளை எல்லாம் அடித்துவிட்டு மீதியை மட்டும் கூட்டிப் பாருங்கள். சில அணிகளுக்கு நான்கு ஐந்து ஆட்டம்தான் மிஞ்சும். ஜனவரிக்குக் கணிப்பு எழுதுவதானால் அந்த நான்கு ஐந்தை வைத்து எழுதுங்கள்.